சங்கிலி அழுக்கும் அண்டையார் உரிமையும்



மிதிவண்டிச் சங்கிலிக்கு நாம் இடும் எண்ணெய் வெளிப்புறத்தில் தங்கிவிட்டால் புழுதியை ஈர்க்கும். எண்ணெயும் மணலும் கலந்த அந்தக் கருங்குழம்பு உப்புத்தாளைப் போல இரும்பைத் தேய்க்கும். புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் 12 அங்குலம். அது தேய்ந்து 12 1/8 அங்குலமாகிவிட்டால் சங்கிலியை மாற்றியாக வேண்டும். விட்டுவைத்தால் பல்சக்கரத்தின் பற்களும் கெட்டுவிடும். நம் உடைமையும் ஓர் அமானிதமே என்பதால், மாதம் ஒருமுறை அஸருக்குப் பின் என் மகனுடன் அமர்ந்து இவ்வேலையைச் செய்து வருகிறேன்.

நெருப்பு அருகில் இல்லாத திறந்தவெளியில் பழைய செய்தித்தாளை விரித்து, முதலில் புழுதியைத் தட்டிவிடுகிறோம். அரை டம்ளர் மண்ணெண்ணெய் போதும். பழைய பல் துலக்கியை அதில் தோய்த்து, மிதியைப் பின்னோக்கிச் சுற்றியபடியே கண்ணி கண்ணியாகத் தேய்க்க வேண்டும். பிரீவீலுக்குள் ஊற்றலாகாது, உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். துணியால் துடைத்து நன்கு உலர்ந்தபின், கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் இட்டு, வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும்.

கிண்ணத்தில் கரிய மண்ணெண்ணெய் எஞ்சியிருக்கும். “வாப்பா, இதைச் சாக்கடையில் ஊற்றிவிடட்டுமா?” என்று ஒருநாள் மகன் கேட்டான். எங்கள் தெருச் சாக்கடை ஊர்க் குளத்தில்தான் சேர்கிறது. நம் வண்டியின் அழுக்கைப் பிறர் நீரில் சேர்ப்பது தூய்மையன்று. அழுக்கை இடம் மாற்றுவதேயாகும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கற்ற நாம், தொல்லையை நீரில் இறக்கலாமா? அடியார்களின் உரிமை அவர்களிடமே தீர்க்கப்பட வேண்டியது என்பதை அவனுக்கு எடுத்துரைத்தேன்.

இப்போது அதனை மூடியுள்ள புட்டியில் ஊற்றி, பெயர் எழுதி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறோம். சில நாட்களில் கசடு அடியில் படியும். தெளிந்ததை அடுத்த மாதமும் பயன்படுத்தலாம். கசடைப் பழைய எண்ணெய் சேகரிக்கும் வாகனப் பட்டறையில் ஒப்படைக்கலாம்.

மஃரிபுக்கு முன் கைகளும் தூய்மையாக வேண்டும். வேலைக்கு முன்பே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கிரீஸ் எளிதில் நீங்கும். உளூவின் நீர் தோலைச் சேர்வதைத் தடுக்கும் படலம் இருக்கக் கூடாது. வெறும் நிறக்கறை தடையன்று என்பர் மார்க்க அறிஞர்.

கையில் ஒட்டிய படலத்தைக் கவனமாய்ப் பார்க்கும் நாம், குளத்து நீரில் மிதக்கும் படலத்தையும் பார்ப்போராக அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.