வாசித்துக் காட்டுங்கள், தங்கச்சி

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாவல் அச்சகத்துக்குப் போய்விட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூட வேலையும் வீட்டு வேலையும் முடிந்த பிறகு இரவிரவாக எழுதிய முதல் நாவல். அது எத்தனை வருட உழைப்பு என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் மண்டபத்தில் ஒரு வெளியீடு, பிறகு வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இணையவழியில் ஒரு வெளியீடு என்று திட்டம் போட்டு, நிகழ்ச்சி நிரலையும் அனுப்பியிருந்தீர்கள். தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, இரண்டு ஆய்வுரை, கடைசியில் உங்கள் ஏற்புரை. அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் பார்த்தேன். இத்தனை பேர் நாவலைப் பற்றிப் பேசப் போகிறார்கள். நாவலிலிருந்து ஒரு பந்தியைக்கூட எவரும் வாசிக்கப் போவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மண்டப வெளியீட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதில் கை வைக்க வேண்டாம். எழுதியவரே கையிலிருந்து காசு போட்டு அச்சடிக்கும் நம் சூழலில், முதற்பிரதியும் சிறப்புப் பிரதியும் வாங்குகிறவர்கள் கடித உறையில் வைத்துத் தரும் பணம்தான் அச்சகக் கடனை அடைக்கிறது. நம்முடைய நல்ல புத்தகங்கள் பல அந்த உறைகளால் உயிர் பிழைத்தவை. படிப்பித்த ஆசிரியர் வருவார், ஊர்ச் சனம் வரும், பெரியவர்கள் நாலு வார்த்தை வாழ்த்துவார்கள். அது வேண்டும்.

இணையவழி நிகழ்வுக்கு வருகிறவர் வேறு ஆள். அவர் உங்கள் உறவும் இல்லை, ஊரும் இல்லை. மேடையில் இருப்பவரின் முகத்துக்காக அவர் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் வெளியே போய்விடலாம். ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்: இந்தப் பிள்ளையின் எழுத்தை நம்பி முந்நூறு பக்கம் போகலாமா? அதற்கு உங்கள் வசனங்கள்தான் பதில் சொல்ல முடியும். பிரபலமானவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அவருடைய முந்தைய புத்தகங்களே அவருக்காகப் பேசிவிடும். முதல் நாவல்காரரிடம் இருப்பது அந்த ஒரு புத்தகம் மட்டுமே.

2020ஆம் ஆண்டு இதை உலகத்துக்கே காட்டித் தந்தது. டக்ளஸ் ஸ்டுவர்ட் கிளாஸ்கோவில் வறுமைக்குள் வளர்ந்து, நியூயோர்க்கில் ஆடை வடிவமைப்பாளராக வேலை செய்தவர். அவருடைய முதல் நாவல் 'ஷகி பெய்ன்' அந்த வருடம் பெப்ரவரியில் அமெரிக்காவில் வந்தது. சில வாரங்களில் கொரோனாவால் கடைகள் பூட்டிவிட்டன, பயணங்கள் நின்றுவிட்டன. பிராண்டன் டெய்லரின் முதல் நாவல் 'ரியல் லைஃப்' வந்ததும் அதே பெப்ரவரியில்தான். புத்தகச் சுற்றுப்பயணம் கைவிட்டுப்போன எழுத்தாளர்களுக்குத் தோள் கொடுப்பதற்காக கரோலின் லெவிட், ஜென்னா ப்ளும் என்ற இரண்டு நாவலாசிரியைகள் 'எ மைட்டி பிளேஸ்' என்ற முயற்சியை அந்த மார்ச்சிலேயே தொடங்கினார்கள். மற்றவர்களின் புத்தகங்களை இணையத்தில் அறிமுகம் செய்வதற்காகத் தங்கள் நேரத்தைக் கொடுத்தார்கள். அந்த மனசை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த வருட புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்த ஆறு நூல்களில் நான்கு, இந்த இரண்டும் உட்பட, முதல் நாவல்கள். நவம்பர் 19 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் விருந்தினர் எவரும் இல்லாமல் விழா நடந்தது. இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள் அவரவர் வீட்டிலிருந்து திரைவழியாக இணைந்தார்கள். பரிசு ஸ்டுவர்ட்டுக்குப் போனது. அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசியதும் அந்தத் திரையில்தான்.

எங்கள் ரொறொன்ரோவில் சுவன்கம் தம்மவோங்சா. தாய்லாந்தின் நோங் காய் அகதி முகாமில் லாவோஸ் பெற்றோருக்குப் பிறந்து, இந்த நகரில் வளர்ந்தவர். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 2020 ஏப்ரலில், எல்லாம் பூட்டிக் கிடந்த மாதத்தில் வந்தது. அந்த நவம்பரில் கனடாவின் கில்லர் பரிசு அதற்குக் கிடைத்தது. அந்த விழாவும் இணையவழிதான். அகதிப் பிள்ளை ஒருத்தி தொழிற்சாலைகளையும் நகப்பூச்சுக் கடைகளையும் பற்றி எழுதி அந்த இடத்துக்கு வந்தது எங்கள் சனத்துக்கும் பெருமை என்றே நினைக்கிறேன்.

இங்கே வாசிப்பு நிகழ்வு என்பது நெடுநாள் பழக்கம். ரொறொன்ரோ ஏரிக்கரையில் ஹார்பர்ஃப்ரண்ட் வாசிப்புத் தொடர் 1974இல் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த சர்வதேச எழுத்தாளர் விழா 1980 முதல் நடக்கிறது, 2020இல் முழுக்க இணையத்துக்குப் போனது. அறிமுகம் இரண்டு நிமிடம். பிறகு எழுத்தாளர் எழுந்து தன் புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார். சிறிது உரையாடல், கேள்வி, கையெழுத்து. ஜெர்மனியிலும் அப்படித்தான். வாசிப்பதற்கு எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், அது ஒரு உழைப்பாக மதிக்கப்படுகிறது.

இது வெள்ளைக்காரரின் வழக்கம், நமக்கு ஒத்துவராது என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. ஆக்கியவர் சொல்ல, அவை கேட்டது. அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். உங்கள் ஊர்க் கோயிலிலேயே கந்தபுராணப் படிப்பு நடந்திருக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் பயன் சொல்வார். பாட்டு முதலில், பயன் பிறகு. எழுத வாசிக்கத் தெரியாத கிழவிகளும் சூரபன்மன் வதையை வரி வரியாகச் சொல்லக்கூடியவர்களாக இருந்தது அப்படிக் கேட்டுத்தான். இன்றைய வெளியீட்டு விழாக்களில் பயன் சொல்கிறவர்கள் மட்டும் மிஞ்சி, படிக்கிறவர் காணாமல் போய்விட்டார்.

இங்கே ஒரு தம்பியின் முதல் நாவலுக்கு நடந்த இணைய வாசிப்பைச் சொல்கிறேன். அவர் வாசித்தது கிணற்றடியில் ஒரு தாயும் மகளும் சண்டை பிடிக்கும் பகுதி. வாசிக்கத் தொடங்கும்வரை அரட்டைப் பெட்டியில் வாழ்த்துகளும் கும்பிடும் கைகளும் ஓடிக்கொண்டிருந்தன. வாசிப்பு இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது ஒன்றும் வரவில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரு பெண் ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினாள்: "எங்கட அம்மம்மாவும் இப்பிடித்தான் வாளியைப் போட்டு அடிப்பா." அதற்குள் யாரோ ஒலிவாங்கியைத் திறந்துவிட்டார்கள். பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒரு வயதான அம்மா கேட்டார்: "தம்பி, அந்தக் கயிறு அறுந்த இடத்தை இன்னொருக்கா வாசிக்கிறீங்களே?" அவர் வாசித்தார். ஆய்வுரையைத் திரும்பச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டு நான் எந்தக் கூட்டத்திலும் காணவில்லை.

அந்த அம்மாவுக்குக் கண்பார்வை சரியில்லை, புத்தகம் பிடித்து வாசிக்க ஏலாது என்று பிறகு அறிந்தேன். ஆங்கில எழுத்தில் தட்டிய பெண் இங்கே பிறந்தவள். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள், தங்கச்சி. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. வீட்டில் அம்மா திட்டுவதும் அம்மம்மா கொஞ்சுவதும் முழுக்க விளங்கும். அச்சடித்த பக்கத்தைக் கண்டால் கை விட்டுவிடுவார்கள். முந்நூறு பக்க நாவல் அவர்களுக்குப் பூட்டிய கதவு. நீங்கள் உங்கள் வாயால், உங்கள் ஊர்ப் பேச்சில் வாசித்தால் அவர்கள் உள்ளே வரலாம். புலம்பெயர் தமிழ் இலக்கியத்துக்கு இனிமேல் வாசகர் எங்கிருந்து வருவார் என்று எல்லா மாநாடுகளிலும் கவலைப்படுகிறோம். காது திறந்திருக்கிற ஒரு தலைமுறை பக்கத்து அறையில் இருக்கிறது. அவர்களுக்கு எவரும் வாசித்துக் காட்டுவதில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

எந்தப் பகுதியை வாசிப்பது? உச்சக்கட்டத்தை வாசிக்காதீர்கள், முன்கதை தெரியாமல் அழுகை வராது. முதல் அத்தியாயமும் எப்போதும் சரிவராது. பெயர்களும் உறவுமுறைகளும் குவிந்திருக்கும். இரண்டு மூன்று பேர் கதைத்துக்கொள்ளும் ஒரு காட்சி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிவது, முடியும் இடத்தில் 'பிறகு என்ன?' என்ற கேள்வி தொங்கி நிற்பது. உங்கள் கைப்பிரதியில் சங்கக்கடை வரிசையில் அந்த இரண்டு பெண்கள் பேசும் இடம் எனக்குப் பிடித்தது. அதைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் அச்செடுத்து, வீட்டில் யாருக்காவது சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்குத் தடக்கும் வசனத்தைப் பேனையால் குறித்து, வாசிப்புக்கு மட்டும் சுருக்கிக்கொள்ளலாம்.

நேர வித்தியாசத்தைக் கவனமாகப் பாருங்கள். ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னே தள்ளுவார்கள், ரொறொன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு. நடுவில் உள்ள அந்த ஒரு வாரம் எல்லோருக்கும் குழப்பம், அதைத் தவிருங்கள். நவம்பர் 27, மாவீரர் நாளை ஒட்டிய வாரத்தையும் தவிருங்கள். நவம்பர் நடுவில் ஞாயிறு இரவு எட்டரைக்கு நீங்கள் யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்தால் ரொறொன்ரோவில் காலை 10, லண்டனில் பிற்பகல் 3, பாரிஸ், சூரிச், ஒஸ்லோவில் 4. சனிக்கிழமை என்றால் இங்கே பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்குகிற நேரம். ஆனால் அந்த ஞாயிறு எட்டரை சிட்னியில் பின்னிரவு 2 மணி. அவுஸ்திரேலியச் சனத்தை நித்திரை முழிக்க வைக்க வேண்டாம். அவர்களுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேறொரு சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தனியாக வாசியுங்கள். அப்போது சிட்னியில் மாலை ஏழரை, சிங்கப்பூரில் நாலரை.

அப்படியானால் ஒரு வெளியீடு இரண்டாகிறதே என்பீர்கள். இரண்டல்ல, ஏழெட்டாகட்டும். இணையத்தின் பெரிய கொடை அதுதான். மண்டபத்தை ஒரு நாளைக்குத்தான் எடுக்கலாம். சிறிய வாசகர் வட்டம், முதியோர் சங்கம், பழைய மாணவர் சங்கத்தின் மகளிர் பிரிவு, நூலக வாசிப்புக் குழு என்று பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் கூடுகிற இடங்களுக்கு வெவ்வேறு பகுதியை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே எல்லோருடைய முகமும் திரையில் தெரியும், எல்லோரும் வாய் திறந்து கேட்பார்கள். ஸூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். பதினைந்து நிமிடம் வாசிப்பு, மிச்சம் முழுக்கக் கேள்வியும் பதிலும். அது போதும். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் உடைந்தால் போய்விடுவார்கள். ஆகவே விளக்கு வாங்கும் காசில் ஒலிவாங்கி வைத்த ஒரு நல்ல காதுக்கருவி வாங்குங்கள். 2022இல் அங்கே பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களை நினைத்து, கைபேசியில் டேட்டாவும் சார்ஜும் நிறைத்து ஆயத்தமாக வைத்திருங்கள்.

வாசித்து முடித்த கையோடு, புத்தகம் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கடந்தால் வாங்க நினைத்தவரும் மறந்துபோவார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒற்றைப் பிரதியை விமானத் தபாலில் அனுப்பினால் புத்தகத்தின் விலையைவிடச் செலவு கூட வரும். ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் பத்துப் பிரதி வைத்துவிடுங்கள், இங்கே நான் பிரித்துக் கொடுக்கிறேன். லண்டனிலும் சூரிச்சிலும் அப்படி ஒவ்வொருவரைப் பிடிக்க வேண்டும். கிண்டிலில் தமிழ் வந்து பல வருடமாகிறது, மின்னூலாகவும் போட்டுவிடுங்கள். கண் சரியில்லாதவர்கள் அதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

வாசிப்பை முழுதாகப் பதிவு செய்யுங்கள். யூடியூபில் ஏற்றுவது ஒருபுறம் இருக்க, நூலக நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர்களுடைய ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளையும் காணொளிகளையும் பாதுகாக்கிறார்கள். நம் மூத்த எழுத்தாளர்களில் எத்தனையோ பேருடைய எழுத்து இருக்கிறது, தங்கள் கதையை அவர்களே வாசித்த குரல் இல்லை.

இங்கே இரண்டு வாசகர் வட்டங்களோடும் ஒரு முதியோர் சங்கத்தோடும் பேசியிருக்கிறேன். மூன்று இடத்திலும் சம்மதம். முதியோர் சங்கத்தில் செவ்வாய்க்கிழமைதான் கூடுவார்கள், காலை பத்து மணிக்கு. சங்கக்கடைப் பகுதியை அவர்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த வரிசைகளில் நின்றவர்கள்தான் பாதிப்பேர். எந்தச் செவ்வாய் உங்களுக்கு வசதி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து அண்ணன்