யவனர் தேறலும் ஒஸ்லோ மாநகரும்

ஒஸ்லோ நகரின் ஆக்கர்செல்வா ஆற்றின் கரையோரத்தே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நெருக்கமாக மேசைகள் இடப்பட்டிருக்கும் சிறியதொரு கிரேக்க உணவகத்துக்கு ஒரு மாலை சென்று வருவதென்று நானும் என் மனைவியும் தீர்மானித்திருக்கிறோம். எதை உண்பது என்ற விஷயத்தை அவரிடமே விட்டுவிட்டேன். எதைப் பருகுவது என்ற விசாரத்திலேதான் என் மனம் சில நாட்களாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் அவ்வுணவகத்தின் பட்டியலில் கடைசி வரியாக நின்ற ரெட்சீனா என்னும் பானம். அலெப்போ பைன் என்ற மரத்தின் பிசினைச் சேர்த்துப் புளிக்கவைக்கப்படும் வெள்ளைத் திராட்சை மது அது. நன்றாகக் குளிரவைத்தே அதைப் பருகுவார்கள். குளிர்ச்சி, பிசினின் நறுமணம், கிரேக்கர் என்ற மூன்றும் ஒரே வரியில் கூடிநிற்கக் கண்டதும், சங்கப் பாடல்களில் பழகிய எவருக்கும் நக்கீரர் நினைவுக்கு வராமற் போவாரா?

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றின் ஐம்பத்தாறாம் பாட்டை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் அமைப்பே என்னைப் பிரமிக்க வைக்கிறது. சிவபெருமான், பலராமன், திருமால், முருகன் என்ற நான்கு தெய்வங்களையும் அவரவர் கொடியோடும் நிறத்தோடும் முதலில் நம் கண்முன் நிறுத்திவிட்டு, சினத்தில் ஒருவரையும் வலியில் ஒருவரையும் புகழில் ஒருவரையும் எண்ணியதை முடிப்பதில் ஒருவரையும் நீ ஒப்பாய் என்று அரசனை வானளாவ உயர்த்துகிறார் புலவர். அத்தகைய உயரத்திலிருந்து சட்டென்று இறங்கி, இரப்பவர்க்குக் குறைவின்றிக் கொடுத்துக்கொண்டு, யவனர் நல்ல கலத்திலே கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர நாள்தோறும் பருகி இனிது வாழ்வாயாக என்று வாழ்த்துகிறார். தெய்வங்களுக்கு நிகரான ஒருவனுக்குப் புலவர் விரும்பும் பேறு இன்னொரு நாட்டையோ இன்னொரு வெற்றியையோ சேர்ந்ததன்று. கொடையும் அயல்நாட்டு மதுவும் நிறைந்த அமைதியான மாலைப்பொழுதுகளே அது. இதைக் காட்டிலும் மனிதத்தன்மை வாய்ந்த வாழ்த்து நம் இலக்கியத்தில் அபூர்வம் என்றே கருதுகிறேன்.

அந்தத் தேறலின் மணம் எத்தகையது? 1945ஆம் ஆண்டு தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் உடைய மத்தியதரைக்கடற் சாடிகளின் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுட் பல கிரேக்கத் தீவாகிய கோஸின் சாடிகளைச் சார்ந்த வகையின. சுட்ட மண் மதுவைக் கசியவிடும் ஆதலால், இத்தகைய சாடிகளின் உட்புறத்தே பைன் பிசினைப் பூசுவது அக்கால வழக்கம். கள் சீவும் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பனையின் சாறு புளிக்காமல் இனிய கருப்பணியாக இறங்குவதை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் அறிவர். அதுபோலவே அச்சாடியின் பூச்சும் தன் குணத்தைப் பானத்துக்கு ஈந்திருக்கும். நக்கீரர் வியந்த மணத்தில் ஒரு பங்கேனும் பைன் மரத்தினுடையதாக இருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். யவனர் என்போர் கிரேக்கர் மட்டுமல்லர், உரோமரும் அவ்வாறே அழைக்கப்பட்டனர் என்று எவரேனும் எடுத்துரைப்பாராயின், சாடிகளும் பிசினும் இருவர்க்கும் பொதுவே என்பது என் சமாதானம்.

அவ்வூகம் எனக்குத் தரும் ஆனந்தம் சொல்லுந்தரமன்று. ஏனெனில் நான் வாழும் இந்நகரமே பைன் காடுகளின் மடியிற் கிடக்கிறது. நூர்மார்க்கா வனத்தில் மழை ஓய்ந்தபின் நடந்தால் அந்த மணம் சட்டையில் ஏறிவிடும். இந்நாட்டின் பழைய மரக் கோயில்கள் எண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் நிற்பதற்குப் பைன் தாரை மீண்டும் மீண்டும் பூசிவருவதும் ஒரு காரணம்.

பைன் மணத்தில் மட்டுமன்றிக் காவல் தொழிலிலும் தமிழரையும் கிரேக்கரையும் வடபுலத்தாரையும் இணைக்கும் ஓர் உறவு உண்டு. முல்லைப்பாட்டிலே நப்பூதனார் காட்டும் பாசறையில், அரசனுக்குரிய அழகிய உள்ளறையை அமைத்து மணிவிளக்கை ஏற்றிவைப்பவர்கள், சட்டை அணிந்து அஞ்சத்தக்க தோற்றத்தோடு விளங்கும் யவனர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரையின் மதில் வாயிலை வாளேந்திக் காப்போரும் அவர்களே. எங்கள் தமிழாசிரியர் இவ்விடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "அந்த யவனனுக்கு எங்கட மழை விளங்கியிருக்குமோ பிள்ளையள்? அவன்ர ஊர்ப் பேச்சைக் கேக்க அங்க ஆர் இருந்தது?" என்று வினவுவார். பரீட்சையில் ஒருபோதும் வராத அக்கேள்வியின் பொருள், முன்பனிக்காலத்து ஒஸ்லோவில் வேலை தேடி நின்ற நாட்களில்தான் எனக்கு முற்றும் புலனாயிற்று.

அரசர்கள் அந்நியரை அருகே வைத்துக்கொண்டதற்கு நியாயம் உண்டு. உறவும் குலமும் கட்சியும் இல்லாதவனைச் சதிக்குள் இழுப்பது கடினம். அதே நியாயத்தினாலேதான் கிரேக்கம் பேசிய கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசர்கள் வடபுலத்து வீரர்களைத் தம் மெய்க்காவலுக்கு அமர்த்தினார்கள். நோர்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ரோடே இளமையில், 1034ஆம் ஆண்டளவில், அப்படையிற் சேர்ந்து பெருஞ்செல்வத்தோடு திரும்பினார். ஒஸ்லோவில் வாணிபப் பட்டினம் எழுப்பியவர் அவரே என்று ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்நோரி ஸ்தூர்லுசோன் எழுதிவைத்திருக்கிறார். அதை ஆதாரமாகக் கொண்டே 1950இல் இந்நகரம் தன் தொள்ளாயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. நகர மண்டபத்தின் மேற்குச் சுவரில் அவர் குதிரைமேல் அமர்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம், இவரும் கிரேக்க மதுவைச் சுவைத்தவர்தாமே என்ற எண்ணம் எனக்கு எழும். ஆனாலும் அவரினும் என் மனத்துக்கு நெருங்கியவன் ஹால்ஃப்தான். கொன்ஸ்தாந்திநோப்பிளின் பெருங்கோயிலாகிய ஆயா சோஃபியாவின் மேல்மாடத்துச் சலவைக்கல் கைப்பிடிச் சுவரில் வடபுலத்து ரூன் எழுத்துக்களிலே கீறப்பட்ட ஒரு வாசகம் 1964இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் தேய்ந்துபோன அதில் தெளிவாக எஞ்சியிருப்பது அப்பெயர் ஒன்றே. விளங்காத மொழியில் நெடுநேரம் நிகழ்ந்த வழிபாட்டினிடையே, தன் பெயரைத் தன் எழுத்திலே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் அவனுக்கு எழுந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருநாள் தொலைபேசியில் நண்பர் ஒருவரிடம் விவரித்தேன். எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்து, வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில், மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத இருளில், கொட் மீனை வெட்டியும் அடுக்கியும் வாழ்க்கையைத் தொடங்கிய தமிழருள் அவரும் ஒருவர். அவர் கைவிரல்கள் இன்றும் முழுமையாக மடங்குவதில்லை. மதுவைப் பற்றிய என் பேச்சை அவர் பொறுமையோடு கேட்டாரே தவிர, அவருடைய கவனம் நான் இடையே குறிப்பிட்ட கிரேக்கரின் மீன் உணவிலேயே இருந்தது. கிரேக்கர்கள் ஆண்டுதோறும் மார்ச் 25ஆம் நாள், தேவதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளும் 1821ஆம் ஆண்டு விடுதலைப் போரின் நினைவுநாளும் ஒருங்கே வரும் அன்று, நீண்ட நோன்பினிடையே மீனுக்கு விலக்கு அளித்து, உப்பிட்ட கொட் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டும் உருளைக்கிழங்கும் ஒலிவெண்ணெயும் சேர்த்து அரைத்த ஸ்கோர்தாலியாவோடு உண்பார்கள். அந்த மீன் கிரேக்கக் கடலுக்குரியதன்று. வட அத்திலாந்திக்கின் குளிர்நீரில் வாழ்வது. உப்பிட்டால் நெடுநாள் கெடாது என்பதனாலே, புதிய மீன் போய்ச் சேராத உள்நாட்டு மலைக்கிராமங்களுக்கும் அது உணவாயிற்று.

இதை அறிந்ததும் நண்பர் தாமும் வருவதாகச் சொன்னார். ஆகையால் முதலில் எண்ணியிருந்த இருண்ட நவம்பரை விட்டு, பயணத்தை மார்ச் 25ஆம் நாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். எங்களுக்கு ரெட்சீனா, அவருக்குப் பொரித்த மீன். உணவகத்தாரிடம் பேசும்போது தவறாது விசாரிக்க வேண்டிய ஒன்றையும் அவர் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

"உப்பு மீனை எவ்வளவு நேரம் ஊறவைக்கினம் எண்டு கேளுங்கோ அண்ணை. தண்ணியை மாத்தி மாத்தி ஒரு முழு நாளாவது ஊறவிடாட்டி வாயில வைக்கேலாது."