வீரனும் பச்சை இறைச்சியும்

எமது இல்லம் பரம்பரையாகச் சைவ உணவு உண்ணும் இல்லம். அங்கு வளர்ந்த வீரன் என்னும் நாயும் நான்கு ஆண்டுகளாகச் சோறும் பருப்பும் பாலுமே உண்டு வந்தது. அது மெலிந்து, உரோமம் உதிர்ந்து நின்றதை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

உயர்தர வகுப்பிற் பயிலும் எம் மைந்தனே முதலில் வாய் திறந்தான். "அப்பா, நாய் ஓநாயின்ரை வழியிலை வந்தது. அதுக்குப் பச்சை இறைச்சிதான் குடுக்கவேணும்" என்றான். அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்கேர்ஸ்ற் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பின்னர் இம்முறை பல நாடுகளிற் பரவியதென்றும் எடுத்துரைத்தான்.

நாம் அஞ்சியது இறைச்சிக்கன்று. எண்பது வயதைக் கடந்த எம் அன்னையாருக்கே. அவரோ, "தம்பி, நாயைக் கட்டி வளர்க்கிறம் எண்டால் அதின்ரை வயித்துக்கும் நாங்கள்தான் பொறுப்பு. சைவம் எங்களுக்கு, அதுக்கு ஏன்? குசினிக்குள்ளை மட்டும் கொண்டு வராதை" என்றார். இத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் அன்னையை நாம் முற்றும் அறிந்திலோம்!

பின்வளவில் ஒரு மேசை, தனிக் கத்தி, தனிப் பலகை என்பன ஆயத்தமாயின. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கோழி இறைச்சி வாங்கி, முழுவதையும் ஒரே வேளையில் வீரனுக்கு இட்டோம். நொடிப்பொழுதில் கோப்பை வெறுமையாயிற்று. மைந்தன் மகிழ்ந்தான். அன்றிரவே வீரனுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. விடியும்வரை நாம் உறங்கவில்லை.

காலையில் மிருக வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளாது விளக்கினார். எந்தப் புதிய உணவையும் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றவேண்டும். பச்சை உணவு கொடுப்போர் வளர்ந்த நாயின் நிறையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கையே ஒரு நாளுக்குரியதாகக் கொள்வர். பதினைந்து கிலோ நிறையுள்ள வீரனுக்கு அது 300 முதல் 450 கிராம்வரை ஆகும். வெறும் தசையில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. அதனை மட்டுமே உண்ணும் குட்டிகளின் எலும்பு நலிவுறும். வேகவைத்த எலும்போ கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பும் பல்லை உடைக்கக்கூடும்.

ஓநாய் வாதத்துக்கும் அவரிடம் விடை இருந்தது. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு, ஓநாயைவிட நாயிடம் பன்மடங்காக உண்டென்று 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆகவே நாய்க்குச் சோறு பகையன்று. சோறு மட்டுமே போதாது என்பதே உண்மை.

இறுதியில் அவர் கேட்டார்: "வீட்டிலை வயசானவை, சின்னப்பிள்ளையள் இருக்கினமோ?" பச்சை இறைச்சியிலுள்ள சல்மொனெல்லா போன்ற கிருமிகள் நாயை வருத்தாமலே அதன் வாயிலும் மலத்திலும் இருந்து மனிதரைத் தொற்றலாம். குளிர்ப்பெட்டியில் உறையவைத்தாலும் அவை முற்றாக மடிவதில்லை. அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2012ஆம் ஆண்டில் இம்முறைக்கு எதிராகக் கருத்துரைத்ததும் இதனாலேயே.

வீடு திரும்பியதும் மைந்தன் தானாகவே பின்வளவில் அடுப்பு மூட்டினான். இப்பொழுது எலும்பு நீக்கிய கோழி இறைச்சியும் ஈரற்றுண்டும் பூசணியும் சோறும் அங்கு ஒரு பழைய பானையில் வேகின்றன. மருத்துவர் அளந்து கூறிய கல்சியமும் சேர்கின்றது. சில மாதங்களில் வீரனின் உரோமம் மினுங்கத் தொடங்கிற்று.

உண்டு முடிந்ததும் வீரன் நேரே விறாந்தைக்குச் சென்று, சாய்மனைக் கதிரையில் இருக்கும் அன்னையாரின் கையை நக்கும். அவர் அதனை விலக்குவதில்லை. அந்தக் கைக்காகவே நாம் அடுப்பு மூட்டினோம் என்பதை அவருக்குச் சொல்லவுமில்லை.