ஜோடி சேர்க்கும் வேலை

பழைய ஸ்பீக்கரில் முதலில் போவது இருப்பதிலேயே விலை குறைந்த பொருள்தான். காந்தம் எளிதில் கெடுவதில்லை. இரும்புக் கூடையும் அப்படியே இருக்கும், காகிதக் கோனும் பெரும்பாலும் தப்பிவிடும். கோனைச் சுற்றி விளிம்பில் ஒட்டியிருக்கும் நுரை வளையம், அதாவது எட்ஜ், மட்டும் பத்து, இருபது ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகிக் கொட்டிவிடும். பாலியூரித்தேன் நுரைக்கு ஈரக் காற்று ஆகாது. கடலோரத்து ஊர்களில் கேட்கவே வேண்டாம். என்றாவது ஒரு நாள் முன்துணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 'ஸ்பீக்கர் போச்சு' என்று பெட்டியோடு காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அப்படிப் போகாமல் தப்பித்த ஒரு ஜோடி, சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் பாய் ஒருவர் வீட்டு முன்னறையில் மல்லாந்து கிடந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். பாய்க்கு அங்கே கடை இல்லை. சாமான் வாங்குவது அங்கே, கடைக்காரர்கள் அனுப்பும் வேலை வந்து சேர்வது இங்கே. கோன் மாற்றும் ரீகோன் வேலை செய்கிறவர்கள் பலரைப் போல இவருக்கும் வீடுதான் பட்டறை. ஒரு மர மேசை, ஒரு டியூப்லைட், சுவரில் ஆணியடித்து அளவு வாரியாகத் தொங்கும் கோன்கள், பசை வாடை. மேசையில் இரும்புத்தூள் இருக்கவே கூடாது என்பதில் பாய் கறார். சாவி, ஸ்க்ரூ, எதுவாயினும் எதிர்ச் சுவர் அலமாரியில்தான்.

சோறு போடுவது பழைய பெட்டிகள் அல்ல, ஹார்ன் யூனிட்டுகள். ஆடி மாதம் கூழ் ஊற்றத் தொடங்கினால் மைக் செட்காரர்கள் கருகிய யூனிட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். டயாபிரத்தைக் கழற்றிப் புதிது மாட்டி அனுப்புவது பாய்க்குப் பேசிக்கொண்டே செய்கிற வேலை. டிஜே பெட்டிகளின் பெரிய ஊஃபர்களும் வரும். கம்பிச்சுருள், அதாவது காயில், தீய்ந்த நெடி படியேறும்போதே நமக்குத் தெரிந்துவிடும். இவற்றுக்கு நடுவே எப்போதாவதுதான் வீட்டு ஸ்பீக்கர் ஜோடி வருகிறது. வந்தால் அவசர வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அதில் உட்காருகிறார். வருமானக் கணக்குக்கு இது ஒத்துவராது என்று நான் சொன்னபோது, "ஆமா சார்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஜோடிக்குச் சொந்தக்காரர் மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். 1980களில் வாங்கியவை, எட்டு அங்குல ஊஃபர், மேலே ஒரு ட்வீட்டர், தேக்கு வெனீர். வலப்பக்கப் பெட்டியின் எட்ஜ் முழுக்க உதிர்ந்திருந்தது. இடப்பக்கத்துக்கு முன்பே யாரோ கறுப்பு ரப்பர் எட்ஜ் போட்டிருந்தார்கள்.

"இது நல்லாத்தானே இருக்கு பாய்? அதை மட்டும் பண்ணிடுங்களேன்" என்றார் அவர்.

பாய் பதில் சொல்லவில்லை. இடப்பக்கத்துக் கோனை விரல் நுனியால் லேசாகத் தட்டினார். 'டொப்' என்றது. முன்பு யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிப் போகாத அதே அளவு ஊஃபர் ஒன்றில் சரியான நுரை எட்ஜ் இருந்தது; அதைத் தட்டினார். 'தும்' என்று இறங்கி ஒலித்தது. "சுதி வேறயா இருக்குதா? ரப்பரு கனம் ஜாஸ்தி, கோனை ஆட வுடாது. ஒண்ணு அடித்தொண்டைல பாடும், இன்னொண்ணு மேல நிக்கும். ரெண்டையும் பண்ணணும். இல்லன்னா எடுத்துட்டுப் போயிருங்க சார்."

வியாபாரத்துக்கு இது நல்ல பேச்சு இல்லை. ஆனால் வேலையின் சாரம் இதுதான் என்று பார்க்கப் பார்க்கப் புரிந்தது. ஒரு ஸ்பீக்கரைப் பாட வைப்பது பெரிய காரியமில்லை. இரண்டை ஜோடியாக்குவதுதான் காரியம். வங்கிக்காரர் சற்று யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

பழையதை நீக்குவதுதான் நேரம் தின்கிறது. உதிர்ந்த நுரை கோனின் ஓரத்தில் தார் மாதிரி அப்பியிருக்கும். பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஊறவைத்து, விரல் நகத்தாலேயே சுரண்டுகிறார். காகிதம் நனைந்து கிழியும் முன் நிறுத்த வேண்டும், காய்ந்த பின் மறுபடி தொட வேண்டும். ரப்பர் போட்டவர் தாராளமாகப் பசை ஊற்றியிருந்தார். இடப்பக்கம் இன்னும் கஷ்டம். பசையும் கனம்தானே, கோன் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும் என்று இரண்டு கோன்களிலும் ஓரத்தை ஒரே மாதிரி வழித்தெடுத்தார்.

அடுத்தது மையம் பிடிப்பது. நடுவிலிருக்கும் டஸ்ட் கேப்பை பிளேடால் வட்டமாக அறுத்துத் தூக்கினால், உள்ளே இரும்புத் தண்டும் அதைச் சுற்றிக் காயிலும் தெரிகின்றன. காயில் ஆடும் சந்தில் பக்கத்துக்கு இரண்டு மூன்று தாள் கனம்தான் இடம். அதற்குள் தங்கியிருந்த துருத்தூளை, மடித்த ஒட்டு டேப்பை விட்டு விட்டு எடுத்தார்; ஊதினால் போகாது, காந்தம் விடாது. பிறகு பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் குச்சி குச்சியாக நறுக்கி, தண்டுக்கும் காயிலுக்கும் நடுவே நான்கு பக்கமும் செருகினார். யாருடைய விலா எலும்போ அந்தக் குச்சிகளில் மங்கலாகத் தெரிந்தது. காயில் இப்போது அசைய முடியாது. அந்த நிலையில் புது நுரையைக் கோனில் ஒட்டி, அது இறுகிய பிறகு வெளி ஓரத்தைக் கூடையில் ஒட்டினார்.

பசை காய்ந்ததும் குச்சிகளை உருவிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அழுத்தினார். காதைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக்கூடாது. உரசினால் மணல் அரைபடும் சத்தம் வரும். பாயின் மகள், கல்லூரியில் படிப்பவள், போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கொடுத்தாள். கோன் முன்னும் பின்னும் போய் வருவது கண்ணுக்கே தெரிந்தது, சத்தமோ காற்று அசைவது போலத்தான். அதன் பிறகுதான் டஸ்ட் கேப் மூடப்பட்டது.

அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925இல் அறிவித்த அமைப்பு இது: காந்தம், சுருள், கோன். நூறு ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை. அதனால்தான் ஒரு மர மேசையும் பிளேடும் இன்றும் போதுமானதாக இருக்கின்றன. காந்தம் மட்டும் மாறியது. 1978இல் ஜயரில் (இன்றைய காங்கோ) சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறியதும், கோபால்ட் சேர்ந்த ஆல்னிகோவை விட்டு ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் பலரும் ஃபெரைட்டுக்கு மாறினார்கள். இந்த ஜோடியும் ஃபெரைட். வங்கிக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. ஆல்னிகோதான் உசத்தி என்று எங்கோ கேட்டிருக்கிறார். பாய்க்கு இதில் நிம்மதிதான். ஆல்னிகோ அடிபட்டாலோ, கழற்றி மாட்டினாலோ வலு இறங்கிவிடும். இரண்டில் ஒன்று இறங்கியிருந்தால் எத்தனை எட்ஜ் மாற்றினாலும் ஜோடி சேராது.

மீதி வேலைகள் வேகமாக நடந்தன. சத்தத்தை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில், ட்வீட்டருக்குப் போகும் கண்டென்சர்கள் வயதாகி அளவு மாறியிருந்தன. இரு பக்கமும் மாற்றினார். 'எட்டு ஓம்' என்று எழுதிய ஊஃபர்கள் மீட்டரில் ஆறு ஓமுக்குச் சற்று முன்பின்னாகக் காட்டின, அது சரிதான். ஒன்றரை வோல்ட் பேட்டரியைச் சிவப்புப் புள்ளிப் பக்கம் ப்ளஸ் வைத்துத் தொட்டார். இரண்டு கோனும் வெளியே துள்ளின. ஒன்று உள்ளே போயிருந்தால் ஒன்றின் பாஸை இன்னொன்று தின்றுவிடும். ஸ்க்ரூ துளைகள் தேய்ந்திருந்த இடத்தில் தீக்குச்சியும் வெள்ளைப் பசையும்.

பெட்டிகளின் அடிப்பலகைதான் மோசம். இரண்டுமே ஓரத்தில் உப்பி, வெனீர் எழும்பியிருந்தது. வீடு துடைக்கிற தண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்த பலகை. உப்பியதைத் திரும்ப அமுக்க முடியாது. உள்ளே பசை விட்டு, கிளாம்ப் போட்டு, காற்று கசியாதபடி அடைத்ததோடு சரி. மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றும் கோனுக்கு ஒரு ஸ்ப்ரிங். கோனை அழுத்திவிட்டால் மெதுவாகத் திரும்பி வர வேண்டும், இரண்டும் ஒரே நிதானத்தில்.

கடைசிச் சோதனைக்கு பாய் போட்டது 1960களின் டி.எம். சௌந்தரராஜன் பாட்டு ஒன்று. ஸ்டீரியோ காட்டுவதற்கு எதற்கு மோனோ பாட்டு என்று வங்கிக்காரர் கேட்டார். மோனோவில்தான் பொய் சொல்ல முடியாது. இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம்தான் போகிறது. ஜோடி சரியாக இருந்தால் குரல் நடுவில், பெட்டியே இல்லாத வெற்றுச் சுவரில் நிற்கும். கேட்டோம். குரல் ஒரு சாண் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

பாய் வலப்பக்கப் பெட்டியின் பின்னால் இருந்த ட்வீட்டர் திருகைக் கரகரவென்று பல முறை திருப்பினார். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று உள்ளே களிம்பு பிடித்திருந்தது. கரகரப்பு அடங்கியதும் பழைய அளவிலேயே நிறுத்தினார். குரல் நடுவுக்கு வந்தது.

கூலி ஜோடிக்கு ஒரே தொகை. வங்கிக்காரர் எண்ணிக் கொடுக்கும்போது, "அடியில ரெண்டு கட்டை வெச்சு மேல தூக்கி வைங்க சார், ஈரத்துணி படக்கூடாது, வீட்ல சொல்லிருங்க" என்றார் பாய். ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றும்போதே திருவொற்றியூர் மைக் செட்காரர் ஒருவர் சாக்கோடு படியேறி வந்தார், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று.