தொட்டிச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம்? கொல்லிமலைக் காப்பித் தோட்டத்துக் கணக்கு

1/ மீன் தொட்டியில உயிர்ச்செடி வளர்க்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி: "எத்தனை வாட் லைட் வாங்கணும் டாக்டர்?" இதையே கொஞ்சம் மாத்தி, "என் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்?"னு கேட்டா பாதிப் பணம் மிச்சம், பாதிப் பாசியும் மிச்சம். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே.

2/ காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலை போனவங்களுக்குத் தெரியும். செம்மேடு, சோளக்காடு பக்கம் ரோட்டோரமா சில்வர் ஓக் மரங்கள் உயரமா நிக்கும். அதுமேல மிளகுக்கொடி. அதுக்குக் கீழ, நிழல்ல, காப்பிச்செடி. யாரும் அழகுக்காக அப்படி அடுக்கி வைக்கல.

3/ காப்பிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியக் காட்டோட அடித்தட்டு. பெரிய மரத்துக்குக் கீழ வடிகட்டி விழுற வெயில்லயே வளர்ந்த செடி. நேர் வெயில்ல விட்டா இலை வெளுத்துக் கருகும். நிழல் அதிகமானா காய்ப்பு குறையும். அதனால மழைக்கு முன்னாடி நிழல் மரத்துக் கிளையைக் கழிச்சு வெளிச்சத்தை அளவா உள்ள விடுவாங்க. தோட்டக்காரர் கையில அரிவாள்தான் டிம்மர்.

4/ ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கிப் போகும்போது இன்னொண்ணையும் கவனிங்க. மரம் கவிஞ்ச இடத்துல, ஈரப் பாறையில, பெரணியும் பாசமும் செழிப்பா இருக்கும். நாம தொட்டியில வைக்கிற பல செடிகளும் இந்த மாதிரி இடத்துக்காரங்கதான். அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைச் செடி. ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியப் பாறைப் பெரணி. கிரிப்டோகோரைன்ல பல வகை தெற்கு, தென்கிழக்கு ஆசியாவோட நிழலோடைகள்ல வளர்றது. இதுக்கெல்லாம் மைதான ஃப்ளட்லைட் போட்டா என்ன ஆகும்?

5/ இங்க என் தொழில் உள்ள வருது. பச்சைக் குழந்தைக்கு மஞ்சக்காமாலைன்னா நீல லைட் வைக்கிறோம் இல்லையா? 1950கள்ல இங்கிலாந்துல ராச்ஃபோர்ட் மருத்துவமனையில சிஸ்டர் வார்ட்னு ஒரு நர்ஸ். வெயில் பட்ட இடத்துல குழந்தையோட மஞ்சள் குறையுதுன்னு முதல்ல கவனிச்சது அவங்கதான். 1958ல கிரெமரும் குழுவும் லான்செட்ல எழுதினாங்க. அன்னைல இருந்து வெளிச்சமும் ஒரு மருந்து.

6/ மருந்துன்னா டோஸ் இருக்கணும். போட்டோதெரபியில நாங்க பாக்கிறது நாலு: எந்த அலைநீளம் (460 – 490 நானோமீட்டர் நீலம்), குழந்தை தோல்ல எவ்வளவு விழுது, லைட் எவ்வளவு தூரத்துல இருக்கு, எத்தனை மணி நேரம். "ரூமே பளிச்னு இருக்கே"ங்கிறது கணக்குல சேராது. மீட்டர் வெச்சு அளப்போம். தொட்டிக்கும் இதே நாலுதான்.

7/ இப்ப லைட் டப்பாவைத் திருப்பிப் படிங்க. வாட்: கரண்ட் எவ்வளவு குடிக்குதுன்னு சொல்லும், எவ்வளவு வெளிச்சம் தருதுன்னு சொல்லாது. கேலனுக்கு 2 வாட்ங்கிற பழைய கணக்கு ஃப்ளூரசன்ட் ட்யூப் காலத்தது. எல்.இ.டி.க்குச் செல்லாது. கெல்வின்: நிறம். 6500ன்னா பகல் வெள்ளை, செடிக்கும் போதும், நம்ம கண்ணுக்கும் அழகு.

8/ லூமென்: மனுஷக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம்னு சொல்ற அளவு. நம்ம கண்ணு பச்சையை அதிகமா பாக்கும். செடி 400 – 700 நானோமீட்டர் முழுக்கப் பயன்படுத்தும். அந்த வெளிச்சத்துக்குப் பேர் பார். அது இலைமேல விழுற அளவை மைக்ரோமோல்ல சொல்வாங்க. உச்சி வெயில் சுமார் 2000. நிழல்செடிக்கு 20 – 40 போதும். நடுத்தரச் செடிக்கு 40 – 80. தரையில கம்பளம் மாதிரி பரவுறது, செக்கச்செவேல்னு சிவக்கிறது எல்லாம் 80க்கு மேல. அதுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கூடவே வேணும்.

9/ உதாரணத்துக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. 55 லிட்டர் பக்கம் பிடிக்கும். எலக்ட்ரிக் கடையில கிடைக்கிற 10 வாட், 6500 கெல்வின் எல்.இ.டி பேட்டன் சுமார் 1000 லூமென் தரும். நிழல்செடிக்கு அதுவே தாராளம். ஆனா அது தொட்டிக்குன்னு செஞ்சது இல்ல. ஈரம் படாம மூடிக்கு மேல, கண்ணாடிக்கு வெளிய இருக்கட்டும்.

10/ பார் மீட்டர் விலை அதிகம். ஏழைக்கேத்த எள்ளுருண்டை: போன்ல லக்ஸ் மீட்டர் ஆப். தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி, காலித் தொட்டியோட அடியில போனைப் படுக்க வெச்சு அளங்க. வெள்ளை எல்.இ.டி.ன்னா லக்ஸை 70ஆல வகுத்தா மைக்ரோமோல் தோராயமா வரும். 2000 லக்ஸ்னா 30 பக்கம். துல்லியம் இருக்காது, ஆனா குருட்டுக் கணக்கை விட மேல். லைட்டை அரை அடி உயர்த்தி மறுபடி அளங்க, தூரத்தோட வேலை புரியும்.

11/ கொல்லிமலையில காப்பி போடற ஒருத்தர். பொண்ணுக்காக 2 அடி தொட்டி வெச்சிருக்கார். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், கூட ஒரு சிவப்பு லுட்விஜியா. லைட் காலையில இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும், 14 மணி நேரம். பக்கத்துலயே ஜன்னல் வெயில் வேற. இலையெல்லாம் முடிப்பாசி, தண்ணி பச்சை. விடிகாலையில மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ரெண்டு மீன் செத்துப் போச்சு, பொண்ணு பள்ளிக்கூடம் போகாம அழுதுட்டு இருக்கு. "செடிக்குச் சத்து பத்தலையாட்ட இருக்குது. இன்னொரு லைட்டு வாங்கிடலாங்களா டாக்டர்?"

12/ விடிகாலை மூச்சுத்திணறலுக்குக் காரணம் இருக்கு. பகல்ல செடியும் பாசியும் ஆக்சிஜன் தரும். ராத்திரி அதுங்களும் மீனோட சேர்ந்து அதே ஆக்சிஜனை எடுக்கும். தண்ணி பச்சையாகுற அளவுக்குப் பாசி இருந்தா விடியறதுக்குள்ள இருப்பு தீர்ந்துபோகும். லைட்டைக் கூட்டினா பாசி கூடும். பாசி கூடினா மீன் குறையும்.

13/ "வேண்டாங்கண்ணா, இருக்கிறதையே குறைங்க. காப்பிக்கு எதுக்கு நிழல் விடறீங்க? அதே கணக்குதான்"னேன். அதுக்கப்புறம் நான் விளக்க வேண்டிய அவசியமே இல்ல, அவருக்குப் பளிச்னு புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரியே காத்து மோட்டார். லைட் 6 மணி நேரம் மட்டும். ஜன்னல் பக்கக் கண்ணாடிக்கு வெளிய கறுப்பு சார்ட் பேப்பர். வாரா வாரம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும். பாசியைக் கையால எடுக்கணும். ஒன்றரை மாசத்துல தண்ணி தெளிஞ்சுது, அனுபியாஸ் புது இலை விட்டுச்சு. லுட்விஜியா பிழைச்சுது, ஆனா சிவப்பு போய்ப் பச்சையாவே நிக்குது. அந்த வெளிச்சத்துல அது அப்படித்தான். பொண்ணுக்குப் பச்சையே பிடிச்சிருக்காம்.

14/ பள்ளிக்கூடத்துல படிச்ச பிளாக்மேன் விதி ஞாபகம் இருக்கா? 1905. ஒளிச்சேர்க்கையோட வேகத்தைத் தீர்மானிக்கிறது, இருக்கிறதுலயே குறைவா இருக்கிற காரணி. கார்பன் டை ஆக்சைடும் சத்தும் குறைவா இருக்கும்போது லைட்டை மட்டும் ஏத்தினா, மிச்ச வெளிச்சத்துக்குச் செடி வாரிசு இல்ல, பாசிதான் வாரிசு.

15/ நோயைக் கண்டுபிடிச்சிட்டு மருந்தைத் தொடுங்க. தண்டு நீண்டு இலைக்கு இலை இடைவெளி கூடினா வெளிச்சம் பத்தல. இலை விளிம்புல முடிப்பாசின்னா பெரும்பாலும் வெளிச்சம் அதிகம். பழைய இலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டைன்னா பொட்டாசியம் குறைவான்னு பாருங்க. புதுசா நட்ட கிரிப்டோகோரைன் இலையைக் கொட்டினா பயப்படாதீங்க, இடம் மாறினா கொட்டும், வேர்ல இருந்து திரும்ப வரும். எப்பவும் புது இலையைப் பாத்து முடிவு பண்ணுங்க. பழைய இலை பழைய கதையைத்தான் சொல்லும்.

16/ டைமர் கட்டாயம். புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம், செடி வேர் பிடிச்சதும் 8. மலையில மழைக்காலக் கரண்ட் கட் பத்திச் சொல்லவே வேண்டாம். சுத்துற டைமர் கரண்ட் போனா அங்கயே நின்னுடும், நாலு கட்டுக்கு அப்புறம் நடுராத்திரி லைட் எரியும். உள்ள பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமரா வாங்குங்க. வயரைப் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேல ஏத்துங்க. தண்ணி வழிஞ்சா அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டுல ஆர்.சி.சி.பி இல்லைன்னா முதல் செலவு அதுக்கு, லைட் அப்புறம்.

17/ கடைசியா ஒண்ணு. மலை ஓடையில செடி அழகா இருக்குன்னு பிடுங்கிட்டு வராதீங்க. ஐயாற்று மீனுக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் பொரி போட்டுக் கும்பிடற ஊர் அது. மீன் ஒதுங்குறது அந்தச் செடிக்குக் கீழதான். சென்னைக்காரங்களுக்குக் கொளத்தூர் இருக்கு, மத்தவங்க பக்கத்துக் கடையில தொட்டியில வளர்த்த செடியா கேட்டு வாங்குங்க.

18/ ஞாயித்துக்கிழமை லைட் வாங்கப் போறவங்க, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டுல மூணு வரி எழுதிக்கோங்க: என்ன செடி, தொட்டி எவ்வளவு உயரம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். கடைக்காரர் "எத்தனை வாட் சார்?"னு கேட்டா அந்தச் சீட்டை நீட்டுங்க.