வெண்ணாடையும் அக்குள் கறையும்



புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என எந்த ஊருக்குச் சென்றாலும், கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்களின் வீடுகள் பல உண்டு. விடுமுறையில் அவர்கள் கொண்டுவரும் பெட்டியில் பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் அத்தரும் இருந்த காலம் மாறி, இன்று டியோடரண்ட் குப்பிகளும் வரிசையாக இடம்பிடித்துவிட்டன. உப்புக்காற்றும் புழுக்கமும் நிறைந்த ஊரில் வியர்வை வாடையின்றித் தொழுகைக்குச் செல்ல விரும்புவது நல்ல பண்பே. பூண்டும் வெங்காயமும் பச்சையாக உண்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வருவதையே தடுத்த மார்க்கமல்லவா நம்முடையது!

ஆனால் அந்த நறுமணம் வெண்ணாடையில் ஒரு மஞ்சள் கறையை விட்டுச் செல்கிறது. என் இளைய மகனுக்கு வயது பதினாறு. சில வாரங்களாக அவன் ஜும்ஆவில் கடைசி வரிசையில் ஓரமாக நிற்பதையும், துஆவின்போது கைகளை மார்போடு ஒடுக்கிக்கொள்வதையும் அவன் அத்தா கவனித்து என்னிடம் கூறினார்கள். காரணம் கேட்டேன். “கையத் தூக்குனா மஞ்சளாத் தெரியுதும்மா” என்றான் தலையைக் குனிந்தபடி. அவனிடம் வெள்ளைச் சட்டைகள் இரண்டே. இரண்டிலும் அதே கறை.

மழை வேண்டித் துஆ செய்தபோது, அக்குளின் வெண்மை தெரியும் அளவுக்கு நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. ஒரு சட்டைக் கறை என் பிள்ளையின் கைகளைத் தாழ்த்திவிடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் இந்தக் கறை எது என்று அறிந்துகொள்வோம். வியர்வைக்கு இயல்பில் நிறமில்லை. வியர்வையை அடக்கும் குப்பிகளில் படிகாரத்தின் இனத்தைச் சேர்ந்த அலுமினிய உப்புகள் உள்ளன. இவை வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைக்கின்றன. அதே உப்புகள் வியர்வையிலுள்ள புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து நூலில் படிந்து மஞ்சளாகின்றன. இது புதிய தொல்லையும் அன்று. அமெரிக்காவில் 1903ஆம் ஆண்டு அலுமினிய குளோரைடு கொண்டு விற்பனைக்கு வந்த ‘எவர்ட்ரை’ துணியையே அரித்ததாம். நம் பகுதியின் உவர்நீர் இன்னொரு சிக்கல். அதில் சோப்பு நன்கு நுரைக்காமல் படிவாகத் தங்கிக் கறையை மேலும் பற்றவைக்கிறது.

ஆகவே நான் செய்தது இதுதான். சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக் குளிர்ந்த நீரில் நனைத்தேன். வெந்நீர் கூடாது, அது புரதத்தை நூலோடு இறுக்கிவிடும். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு நீர் கலந்து, கறைப்பகுதியை அரைமணி நேரம் ஊறவிட்டேன். அதன் புளிப்பு அலுமினிய உப்பை இளக்கும். அதை நன்றாக அலசிய பின்னரே சமையல் சோடாவைக் கையிலெடுத்தேன். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றின் வலிமையை மற்றொன்று போக்கிவிடும்.

பழைய கறைக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, நீர் மூன்றையும் சம அளவில் குழைத்துப் பூசி, மெல்லிய பல்துலக்கியால் தேய்த்து, அரைமணி கழித்து அலசினேன். இது வெள்ளைப் பருத்திக்கு மட்டுமே. வண்ணத்துணி நிறமிழக்கும், பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. முதல் சட்டை ஒரே தடவையில் தெளிந்தது. இரண்டாவது சட்டைக்கு மூன்று முறை தேவைப்பட்டது.

சகோதரிகள் இரண்டை நினைவில் வையுங்கள். குளோரின் பிளீச்சிங் இந்தக் கறையைப் போக்காது. மஞ்சளை மேலும் கூட்டும். அதை வினிகரோடு கலந்தாலோ நச்சுவாயு கிளம்பும். மேலும், கறை முழுவதும் நீங்கும்வரை இஸ்திரி போடாதீர்கள். வருமுன் காப்பதற்கும் வழி உண்டு: மருந்து தோலில் உலர்ந்த பிறகே சட்டை அணிவது, கழற்றிய சட்டையை அன்றே அலசிவிடுவது.

சிலர் இத்தகைய சட்டையில் தொழுகை கூடுமா என்றும் கேட்கிறார்கள். வியர்வை அசுத்தம் அன்று. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபியவர்களின் வியர்வையைச் சேகரித்து நறுமணத்தோடு சேர்த்துக்கொண்டார்கள் என்பது நாம் அறிந்ததே. மாதவிடாய்க் குருதி பட்ட ஆடையைக் கழுவிய பின்னும் அடையாளம் போகாவிட்டால் என்ன செய்வது என்று கவ்லா பின்த் யஸார் (ரலி) அவர்கள் கேட்டபோது, நீரால் கழுவியதே போதும், எஞ்சிய தடம் தீங்கன்று என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்ததாக அபூதாவூதில் உள்ளது. அசுத்தத்தின் தடத்துக்கே இவ்வளவு இலகு என்றால், வியர்வைத் தடத்துக்குக் கேட்கவா வேண்டும்?

எனவே கழுவ முடிந்தவரை கழுவுவோம். கறைக்காக நல்ல சட்டையை எறிந்து வீண்விரயம் செய்யாதிருப்போம். எவ்வளவு முயன்றும் போகாத கறையோடு பக்கத்தில் ஒருவர் நின்றால், நம் பார்வை அவர் அக்குளுக்குச் செல்லாமல் ஸுஜூது செய்யும் இடத்திலேயே இருக்கட்டும். அவரிடம் அந்த ஒரு சட்டைதான் இருக்கிறதோ என்னவோ.

அல்லாஹ் நம் உடையையும் உள்ளத்தையும் தூய்மையாக்குவானாக. ஆமீன்.