கையை விட்டு ஓட்டிய சைக்கிள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். ஜீப் வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

1994-இல் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி மைதானத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டினான். கூப்பிட்டு உள்ளங்கையில் இரண்டு அடி போட்டேன். போன மாதம் அவன்தான் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய உதவி செய்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

என் தம்பி மகனுக்குப் போடிமெட்டுப் பக்கம் சிறிய ஏலக்காய்த் தோட்டம். அதற்காகப் பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறான். தோட்டப் பாதையில் கல் அடியில் தட்டுகிறது என்று நாலு பக்கமும் நீளமான ஷாக்கிள் போட்டு வண்டியைத் தூக்கினான். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் எல்லோரும் தோட்டத்திலிருந்து இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை, அவனேதான் இழுத்து நேராக்கினான். போடி தாண்டித் தேனி ரோட்டில் வேகம் 60-ஐத் தொட்டதும் வண்டி அலைய ஆரம்பித்தது. லேசாகத் தொட்டாலே துள்ளியது. எதிரே பஸ் வரும் நேரம், சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. பஸ் டிரைவர் ஒதுங்கியதால் தப்பினோம். பின்னால் தம்பி மனைவி மடியில் என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

முதலில் பார்த்த மெக்கானிக், ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கினார். இன்னும் மோசமானது. அடுத்தவர் புதிதாக டேம்பர் போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தேனியில் என் மாணவன் பட்டறை வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

அவன் எதையும் உடனே கழற்றவில்லை. டயரில் காற்று பார்த்தான். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தான். டை ராடு எண்டுகளைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை அசைக்கச் சொன்னான். எல்லாம் சரியாகவே இருந்தன.

"சார், பையனோட சைக்கிளைக் கொண்டு வரேன், வாங்க" என்றான்.

சீட்டை மட்டும் பிடித்து முன்னால் தள்ளினான். சைக்கிள் நேராகப் போனது. அதே சீட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ஹேண்டில்பார் சட்டென்று மடங்கிக்கொண்டது.

"முன் ஃபோர்க் பின்பக்கம் சாஞ்சிருக்கு பாருங்க சார். அந்தக் கோட்டைத் தரை வரைக்கும் நீட்டுங்க. டயர் தரையைத் தொடுற இடத்துக்கு முன்னாடி போய் விழும். அதனால சக்கரம் அந்தக் கோட்டுக்குப் பின்னாலயே இழுபட்டு வரும், தானா நேராகும். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி. ஜீப்புலயும் இந்தச் சாய்வு இருக்கு. கேஸ்டர்னு சொல்லுவோம். உங்க வண்டிக்கு 3 டிகிரி இருக்கணும். இப்ப ஒண்ணுமே இல்ல."

எங்கள் ஜீப்பில் முன் ஸ்பிரிங் பட்டைக்கு ஷாக்கிள் முன் முனையில் இருக்கிறது. நீளமான ஷாக்கிள் போட்டதும் பட்டையின் அந்த முனை மட்டும் கீழே இறங்கிவிட்டது. பட்டை சாய்ந்தால் அதோடு ஆக்சிலும் முன்னோக்கிச் சாயும். நானே டேப் வைத்து அளந்தேன். பட்டையின் நீளம் 36 அங்குலம், முனை இறங்கியது 2 அங்குலம். இரண்டை முப்பத்தாறால் வகுத்துக் கோணம் கண்டால் 3 டிகிரிக்குச் சற்று மேலே வருகிறது. இருந்த சாய்வு முழுவதும் போய்விட்டது! இத்தனைக்கும் ஒரு முனை 2 அங்குலம் இறங்கினால் நடுவில் இருக்கும் ஆக்சில் இறங்குவது 1 அங்குலம்தான். அந்த ஒரு அங்குல உயரத்துக்காகக் குழந்தையைப் பணயம் வைத்திருக்கிறோம்.

"பழைய ஷாக்கிளையே போட்டாலும் சரியாகிடும். இந்த உயரமே வேணும்னா ஆப்பு வைக்கணும்" என்றான். தம்பி மகன் உயரத்தை விடவில்லை. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் 3 டிகிரி இரும்பு ஆப்பு வைத்து, ஆக்சிலின் மேற்பகுதி பின்னால் சாயும்படி யு-போல்ட்டை இறுக்கினான். இறுக்கி வைத்த ஸ்டியரிங் பாக்ஸையும் தளர்த்திச் சரி செய்தான். கொஞ்சம் ஓடியதும் யு-போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொன்னான்.

நெம்புகோல், சாய்தளம், ஆப்பு என்று எளிய எந்திரங்களை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அந்த ஆப்பு என் வீட்டு வண்டியில் வேலை செய்வதை இந்த வயதில்தான் பார்த்தேன்.

அதே தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வந்தது.

கிளம்பும்போது கேட்டேன், "அன்னைக்கு அடிச்சது ஞாபகம் இருக்காப்பா?"

சிரித்தான். "இருக்கு சார். கையை விட்டா ஏன் நேரா போகுதுன்னு உங்ககிட்ட கேக்கத்தான் நினைச்சேன். அடிச்சதும் கேக்கல."

ரோட்டில் கையை விட்டு ஓட்டுவது தப்புதான், இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அந்தக் கேள்வியை அவன் பதினைந்து வருஷம் கழித்து ஒரு பட்டறையில் தானே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வகுப்பிலேயே அவனைக் கேட்க விட்டிருக்கலாம்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, தப்பு செய்த பிள்ளையைக் கண்டித்த பிறகாவது, "என்னடா பார்த்தே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டியைத் தூக்கி வைத்திருப்பவர்கள் நாளைக்கே கேஸ்டரை அளந்து பாருங்கள்.

நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்